ஸ்க்ரோல் லாக் விளக்கும் வடிவக்கா பிரசவமும்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று என் வீட்டார் நம்பிய காலம் ஒன்று உண்டு. ஏறக்குறைய ஒரு வருஷம். அந்த நம்பிக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு முடிந்தது. முடித்து வைத்தவன் நானேதான்.

தொண்ணூற்றொன்பதில், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில், டெலிபோன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்திருந்தேன். திரை கிடையாது, பெட்டியும் கீபோர்டும் மட்டும். டெலிபோன் லைன் வழியாக இன்டர்நெட்டைப் பிடித்து, மாடியில் இருந்த என் இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்புவது அதன் வேலை. நான் அதை 'சர்வர்' என்பேன். (சூடாக இருக்கிறது என்று அம்மா அதன் மேல் ஈரத் துண்டு காயப்போடுவாள்.)

சிக்கல் என்னவென்றால், இன்டர்நெட் ஓடும்போது வெளியிலிருந்து யாரும் எங்களுக்குப் போன் பண்ண முடியாது. அப்பாவுக்கு அது ஆகவே ஆகாது. "பொண்ணக் கட்டிக் குடுத்த வீட்டுல போன் சும்மா கெடக்கணும்லே" என்பார். அக்கா வடிவு விக்கிரமசிங்கபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அத்தானுக்கு அங்கே நூல் மில்லில் வேலை.

கீபோர்டின் மூலையில் மூன்று விளக்குகள் இருக்கும். மூன்றாவது, ஸ்க்ரோல் லாக். அது எதற்கு என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது என்பது என் எண்ணம். அதை நம் இஷ்டத்துக்கு எரியவிடலாம் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து, இன்டர்நெட் ஓடினால் விளக்கு எரியும், நின்றால் அணையும் என்று ஒரு புரோகிராம் எழுதினேன். அப்பா அசந்துவிட்டார். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். (நான் பின்னால் நின்று அடக்கமாக இருப்பதுபோல் நடித்தேன்.)

வினை அதன் பிறகுதான் வந்தது. அப்பா பேப்பர் படிப்பதை விட்டுவிட்டு விளக்கைப் பார்க்க ஆரம்பித்தார். கால் மணி தாண்டினால் போதும், "ஏலே, எரியுது, நிப்பாட்டு" என்று கீழேயிருந்து குரல் வரும். நான் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். கால் மணி ஆனதும் விளக்கு மட்டும் அணைந்துவிடும், இன்டர்நெட் ஓடிக்கொண்டிருக்கும். "சொன்னா கேக்கான் பாரு" என்று அப்பா அம்மாவிடம் பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்தது. நான் வெட்கப்படக்கூட இல்லை. அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு.

அக்காவுக்கு இரண்டாவது பிரசவம். புகுந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அத்தான் போன் பண்ணினார். "ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. டாக்டரம்மா காலையில பாத்துச் சொல்லுதாகளாம். நான் போன் பண்ணுதேன், பொறகு அத்தை வந்தாப் போதும்."

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "மொத பஸ்ஸுக்கே போயிருதேன்" என்றாள்.

நான்தான் தடுத்தேன். "எதுக்கும்மா அங்கன போயிக் காத்துக் கெடக்க? போன் வரட்டும். அதுக்குத்தான போன் இருக்கு."

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சர்வர் தானாகவே டயல் பண்ணி, ஒரு பெரிய ஃபைலை இறக்க ஆரம்பித்திருக்கிறது. அப்படிச் செய்யச் சொல்லி வியாழக்கிழமையே அதில் எழுதி வைத்தவன் நான். அடியோடு மறந்துபோனேன். ஆறேகாலுக்கு விளக்கு அணைந்தது. ஆறரைக்கு நாங்கள் மூவரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம்.

எட்டு ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. போன் அடிக்கவில்லை. அப்பா ரிசீவரை யாரையும் தொடவிடவில்லை. "நாம எடுக்க நேரத்துல அவரு பண்ணிட்டாருன்னா?" அம்மா இரண்டு தடவை கிளம்பி எழுந்தாள். இரண்டு தடவையும் நான் உட்காரவைத்தேன்.

"லைன் சும்மாதானலே கெடக்கு?" என்று அப்பா ஒருமுறை கேட்டார்.

குனிந்து கீபோர்டைப் பார்த்தேன். "லைட்டு எரியலையேப்பா. சும்மாத்தான் கெடக்கு."

நானே எழுதிய பொய்யை நானே நம்பினேன். டெலிபோன்காரர்களை வேறு கொஞ்சம் திட்டினேன்.

ஒரு மணிக்கு வாசலில் அத்தான் வந்து நின்றார். "பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் சொகம்" என்று முதலில் சொல்லிவிட்டு, அப்பாவிடம் திரும்பினார். "ஏழு மணிலருந்து ஆஸ்பத்திரிக்கும் பூத்துக்குமா அலஞ்சேன் மாமா. எப்பப் பண்ணினாலும் எங்கேஜ்டு. அப்படி யாருகூடப் பேச்சு?"

"நாங்க போனைத் தொடவே இல்ல மாப்ளே."

அத்தான் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். இன்டர்நெட் ஓடும்போது லைனில் வரும் கீச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

ஒன்பது மணிக்கு ஆபரேஷன் என்று முடிவாகியிருக்கிறது. உள்ளே கொண்டுபோகும் முன் அக்கா, "அம்மா வந்துட்டாளா?" என்று மூன்று தடவை கேட்டாளாம். பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள் என்று அத்தான் ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்யும் என் கணக்கில்தான் சேரும்.

கால் மணி விஷயத்தைச் சொன்னேன். அம்மா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அப்பா, "காலையில இருந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தேனேலே" என்றார். அவ்வளவுதான். ரெண்டு அடி போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்று அத்தானின் சட்டைப் பையில் இரண்டு செல்போன். ஆனாலும் முக்கியமான சேதி எதையும் எங்கள் வீட்டுக்குப் போனில் சொல்லமாட்டார். போன வருஷம் அந்தப் பிள்ளைக்கே கல்யாணம் கூடிவந்தபோதும் பஸ் ஏறி வந்து நின்றார்.

"ஒரு போன் போட்டிருக்கலாமே அத்தான்?" என்றேன்.

"ஒங்க வீட்டுக்கா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அம்மா மட்டும் சிரிக்காமல் எழுந்தாள்.

"திரும்புகால் பஸ்ஸு எத்தன மணிக்கு மாப்ளே? நானும் ஒங்ககூடயே வாரேன்."