காளைக்குக் கரைத்த யூரியா

சந்தேகப்படுகிறவன் ஏமாற மாட்டான் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. அது பாதிதான் உண்மை. சந்தேகப்படுகிறவனை அடுத்தவர் ஏமாற்ற முடியாது. அந்த வேலையை அவனே செய்துகொள்வான்.

மணலூர்பேட்டைப் பக்கம் இந்த விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு நல்ல பேர். கரும்பு லோடு எடைமேடையில் ஏறினால் அப்பா குனிந்து மேடைக்கு அடியில் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பார். டாக்டர் ஊசி போட்டால் மருந்துப் பாட்டிலைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் படிப்பார். (அது இங்கிலீஷில் இருக்கும். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.)

அப்படிப்பட்டவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது ஒன்றே ஒன்றைத்தான்: காளை மார்க் டீசல் பிக்கப். கம்பெனிக்கு நீளமாக ஒரு பேர் உண்டு. எங்கள் பக்கத்தில் முகப்பிலிருக்கும் படத்தை வைத்துத்தான் கூப்பிடுவோம். கரியாலூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் என் அக்கா வீட்டுக்காரர் தணிகாசலம் மாமா பருந்து மார்க் கட்சி. அக்காவைப் பெண் கேட்டு அவர் பருந்தில் வந்து இறங்கியபோது ஜாதகம் பொருந்தியது, குலம் பொருந்தியது. "வண்டிதான் பொருந்தல" என்று அப்பா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

பழைய காளை தேய்ந்துபோனதால் அதைக் கொடுத்துவிட்டுப் புதுக் காளை எடுத்தோம். புகைச் சட்டத்துக்கு ஏற்ற புது மாடல். டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் இன்னொரு மூடி இருந்தது. ஷோரூம்காரர் விளக்கினார்: "இதுல யூரியா கரைசல் ஊத்தணுங்க. சைலன்சர்ல போற புகைய அது சுத்தம் பண்ணும். நாங்க விக்கிற கேன மட்டும் ஊத்துங்க."

அப்பா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். "வெளிய போற புகைய கழுவி வுடறானாம். வெளிய போறத இன்னாத்துக்குடா கழுவணும்? காளை கம்பெனி இப்டி செய்யாது. இது நடுவுல இவன் பண்ற வேலை."

எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில் இருந்தது. யூரியா என்றாரே? நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. (தேர்ட் கிளாஸில் பாஸ். ஆனால் பாஸ்.) கேனைத் திறந்து முகர்ந்தேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். சாட்சாத் யூரியா! நெல்லுக்குத் தூவுகிற சாமானைத் தண்ணீரில் கலக்கிக் கேனில் அடைத்துப் பால் விலைக்கு விற்கிறான். நம் வீட்டுக் கொட்டகையில் அடுக்கியிருக்கிற மூட்டைகள் பின்னே எதற்கு?

கேன் தீர்ந்ததும் போர் தண்ணீரை அம்மாவின் பழைய புடவையில் வடிகட்டி, யூரியாவைக் கொட்டிக் கலக்கினேன். சாக்கின்மேல் 'வேப்பெண்ணெய் பூசியது' என்று போட்டிருந்தது. வேம்பு கிருமிநாசினி, வண்டி உள்ளுக்குள்ளும் சுத்தமாக இருக்கும் என்று மகிழ்ந்தேன். மறுநாளே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சர்வீசுக்கு வரவழைக்கத் தந்திரம் செய்கிறான் என்று புரிந்துகொண்டு, அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அந்த விளக்கின்மேல் ஒட்டினேன்.

அந்த வாரம்தான் அக்கா மகள் யாழினிக்குக் கரியாலூரில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமன் நான் ஒருவன்தான். எமகண்டம் தொடங்குவதற்குள் நான் போய்ச் சேராவிட்டால் பெரியம்மா மகன் செல்வம் மடி கொடுப்பான். செல்வம் அதற்காகவே முதல்நாளே போய்விட்டான். ஒரு முறை மடியை விட்டுக்கொடுத்தவனுக்கு அப்புறம் எந்தச் சீரிலும் மரியாதை இல்லை.

வண்டியில் முன்னால் நானும் அப்பாவும். பின்னால் சீர்த்தட்டுகள், வாழைத்தார், ஒரு கிடா, மிச்சமிருந்த என் கைக்கரைசல் ஒரு கேன். கோமுகி அணை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வண்டி முனகியது. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் மாட்டுவண்டி வேகம்தான்.

"இன்னாடா, போவ மாட்டேங்குது?"

"மலைப்பா. மலையில எல்லா வண்டியும் இப்டித்தான் யோசிச்சி போவும்."

அப்போது மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளை வானம் வரைக்கும் அடுக்கிக்கொண்டு, கரும்புகை கக்கியபடி ஒரு பழைய பிக்கப் எங்களை முந்தியது. பின்பக்கம் 'அங்காளம்மன் துணை' என்று அப்பா தன் கையால் எழுதிய எழுத்து. நாங்கள் விற்ற காளையேதான்! அப்பா கண் கலங்கிவிட்டார். "பாருடா, கழுவாத புகை. இன்னா தெம்பா போவுது!"

அடுத்த கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றது. சாவியைத் திருப்பினால் ஒரு 'க்ளிக்'. அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தேன். சைலன்சர் வாயில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கரைசல் போதவில்லை போலும் என்று முடிவுகட்டி (கெமிஸ்ட்ரி!) கேனைத் தூக்கினேன். நாலைந்து நாள் வெயிலில் கிடந்த கேன். மூடியைத் திருகியதும் கை வழுக்கி, முக்கால் கேன் என் பட்டுக்கரை வேட்டியில் கொட்டியது. அந்த நாற்றத்தை நான் எழுத வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டு கழிவறைக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும்.

மாற்று வேட்டி இல்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டு அக்காவுக்குப் போன் போட்டேன்: "மாமாவ வண்டி எடுத்துக்கினு வரச் சொல்லுக்கா."

"எந்த வண்டிய?" என்றாள். வேண்டுமென்றே கேட்டாள்.

"பருந்து" என்றேன். பக்கத்தில் அப்பா காதைப் பொத்திக்கொண்டார்.

மாமா வந்தார். சிரிக்கவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பானெட்டைத் திறந்து பார்த்தவர் இவர்தானே? எதிர்க்கட்சிக்காரர் கை வைத்த பிறகுதானே வண்டி மக்கர் செய்கிறது?

"மாமா, அன்னிக்கு எதாவது ஒயர கியர இழுத்தீங்களா?"

"நான் தொடக்கூட இல்ல மாப்ள." மூக்கைச் சுளித்தார். "இன்னா இது, இந்த நாத்தம்?"

"கிடா மாமா" என்றேன். கிடா என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

மாமா கயிற்றைக் கட்டினார். அப்பாவைப் பருந்தில் ஏறச் சொன்னார். "காளையில பொறப்பட்டேன், காளையிலதான் போய் எறங்குவேன்" என்று அப்பா அசையவில்லை. ஆகவே முன்னால் பருந்து இழுக்க, பின்னால் செத்த காளையில் நானும் அப்பாவும் கம்பீரமாக உட்கார்ந்து, கரியாலூர் போய்ச் சேர்ந்தோம். வாசலில் மேளக்காரர்கள் எங்களைப் பார்த்துவிட்டு அடிப்பதா வேண்டாமா என்று குழம்பி நின்றார்கள்.

உள்ளே செல்வம் சம்மணம் போட்டு மடியை விரித்து உட்கார்ந்திருந்தான். பத்தர் கையில் ஊசி. எமகண்டத்துக்குக் கொஞ்சம்தான் நேரம் இருந்தது. நான் பாய்ந்துபோய் அவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். யாழினியைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த மடிக்காகத்தானே இவ்வளவு அவமானமும் என்று நினைத்தேன்.

குழந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்து, மேளத்தையும் மீறிக் கத்தியது:

"அம்மா! மாமா வேட்டியிலேயே உச்சா போயிட்டாரு!"

மேளம் நின்றது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்தினாள். மாமா அதுவரை சேர்த்து வைத்திருந்த சிரிப்பையெல்லாம் ஒரே தவணையில் சிரித்தார். "கிடான்னு சொன்னான்யா!" என்று தூணைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல் இருந்தது. யாழினியோ என்னை விசாரித்துக்கொண்டிருந்தாள்: "ஏன் மாமா, பாத்ரூம் தெரியலையா?" அந்த விசாரணை முடிவதற்குள் பத்தர் இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். குழந்தை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. என்னை மறுபடியும் விசாரித்தாள்.

சர்வீஸ் சென்டரில், "வேற எதாவது ஊத்துனீங்களா சார்?" என்று கேட்டார்கள். அடைந்துபோன சாமான்களையெல்லாம் கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று. அப்பா நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, நேராக உரக்கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். "காளை நின்னதில்லய்யா இதுவரைக்கும்! உன் யூரியாவுலதான் கலப்படம்!"

எங்கள் சொந்தத்தில் காது குத்தும்போது அழாத குழந்தை யாழினி ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்குத்தான் சேரும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதனால் யார் வீட்டில் காதுகுத்து என்றாலும் எனக்குத் தனியாக அழைப்பு வருகிறது. போன மாதம் செல்வம் தன் மகள் காதுகுத்துக்குத் தாம்பூலத் தட்டோடு நேரிலேயே வந்தான். தாய்மாமனாக அவன் மச்சினன் இருக்கிறானே, நான் எதற்கு என்று கேட்டேன்.

"மடி அவன் குடுப்பான்டா" என்றான் செல்வம், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "நீ சும்மா பக்கத்துல ஒக்காந்தா போதும். பாப்பா ஊசிக்கு ரொம்ப பயப்படுது. வரும்போது அந்த வேட்டிய கட்டிக்கினு வா."