பிளேடால் அடைத்த ஜன்னல்கள்

சுத்தம் சோறு போடும் என்பார்கள். எனக்கு ஆறு வருடம் போட்டது. ஏழாவது வருடம் என் கையாலேயே ஒருவர் சோற்றில் மண்ணைப் போட வைத்தது.

துபாயில் கண்ணாடிக் கோபுரங்களில் கயிறு கட்டித் தொங்கியவன் நான். புதுக் கட்டடத்தை ஒப்படைக்கும் முன் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிய சிமெண்ட், பெயிண்ட், பூச்சு எல்லாவற்றையும் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு பொட்டு மிஞ்சினால் சூப்பர்வைசர் விரலால் தடவிக் காட்டுவார். (அந்த விரல் என் கனவில் தனியாக வரும்.)

கம்பெனி ஆள் குறைத்தபோது, அல் குசைஸ் ரூமில் கூட இருந்த செல்லத்துரை அண்ணன், தான் ஃபோர்மேனாக இருந்த சைட்டுக்கு அழைத்துப் போனார். கடலோரம் ஒரு மணல்மேடு. அதற்கடியில் பல நூறு வருடத்து வீடு. தோண்டுகிறவர் எகிப்திலிருந்து வந்த டாக்டரம்மா. (ஊசி போடும் டாக்டர் இல்லை, தொல்லியல் படித்த டாக்டர். அது தெரியாமல் முதல் வாரமே முழங்கால் வலியைச் சொல்லிவிட்டேன்.)

ஒருநாள் சரிந்து கிடந்த சுவருக்கு அடியில் ஏழு கண்ணாடிச் சில்லுகள் கிடைத்தன. பச்சை, தேன் நிறம், ஒன்று மட்டும் நீலம். அந்தக் காலத்திலேயே இந்தக் கரையில் ஜன்னலுக்குக் கண்ணாடி பதித்தார்கள் என்று டாக்டரம்மா நாலு சீசனாகச் சொல்லிவந்தார். தோண்டப் பணம் கொடுத்த மேலிடமோ, எல்லாம் உடைந்த குப்பிகள் என்றது. மறுநாள் மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள். நம்பினால் இன்னும் தோண்டலாம். இல்லையென்றால் கலாஸ், அத்தோடு முடிந்தது. சில்லுகளைப் பஞ்சு விரித்து ட்ரேயில் அடுக்க என்னிடம் சொல்லிவிட்டு, அவர்களை அழைத்துவர டாக்டரம்மா விமான நிலையம் போனார்.

பார்த்தேன். ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஜிப்சம் பூச்சு. பெரிய ஆட்கள் வரும் இடத்தில் பூச்சோடு கண்ணாடியா? அந்த அம்மாவின் மானம் என்னாவது? பிளேடை எடுத்தேன். குழந்தைக்கு நகம் வெட்டுவதுபோல அத்தனை பதமாகச் சுரண்டி, தூளை ஊதிவிட்டேன். கடற்காற்று வாங்கிக்கொண்டு போயிற்று. சில்லுகள் சிரித்தன. நானும் சிரித்தேன், மடையன்.

மறுநாள் விருந்தினர் முன்னால் டாக்டரம்மா ட்ரேயைத் திறந்தார். ஒன்றை எடுத்து ஓரத்தைப் பார்த்தார். அடுத்தது. ஏழையும் பார்த்தார். யார் இதைத் துடைத்தது என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். பாராட்டப் போகிறார் என்று நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தேன்.

"நான்தான் மேடம். ஃபர்ஸ்ட் கிளாஸ் ஃபினிஷிங்."

விருந்தினர் மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. செல்லத்துரை அண்ணன் என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"அந்தப் பூச்சுதான்டா சாட்சி. ஜன்னல் சட்டத்துல பதிச்ச கண்ணாடின்னு அத வெச்சுத்தான் சொல்ல முடியும். இப்ப இது ஜன்னலா, ஊறுகா பாட்டிலான்னு எந்தச் சாமி வந்து சொல்லும்?"

"அழுக்கா இருந்துச்சுண்ணே."

"எண்ணூறு வருஷமா இருந்துச்சு. இன்னும் ஒரு நாள் இருந்தா என்னடா?"

டாக்டரம்மா திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "மாஃபி முஷ்கில்" என்றார். பரவாயில்லையாம். பிறகு மூன்று நாள், நான் ஊதிய இடத்து மணலைச் சல்லடையில் சலித்தார். எதிரே உட்கார்ந்து நானும் சலித்தேன். மணல்தான் வந்தது. தோண்ட அடுத்த சீசன் என்று ஒன்று வரவே இல்லை. மேட்டைச் சுற்றி வேலி வந்தது.

போன வருடம் விசிட்டுக்கு வந்திருந்த மகளோடு துபாய் அருங்காட்சியகம் போனேன். பெட்டிக்குள் அந்த ஏழும், கூடவே அட்டையும். பயன்பாடு தெரியவில்லை என்று இருந்தது. மகள் படித்துவிட்டு, "எனக்குத் தெரியுமே, செக்யூரிட்டி அங்கிள்ட்ட சொல்லட்டாப்பா?" என்றாள். கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி என்னை அறிமுகம் செய்வது இப்படித்தான்: "ஒத்த பிளேடுல ஒரு ஊரு ஜன்னலயே அடைச்ச மகராசன்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த டாக்டரம்மா இப்போது எங்கே என்று யாராவது கேட்டால் மட்டும், டீ போட எழுந்துவிடுவேன்.