சிவப்பு விளக்குக்கு வைத்த பொட்டு

ஒரு காட்டில் சிங்கம், நரி, முயல் எல்லாம் இருந்தன. போதாக்குறைக்கு ஆட்டோமேஷனும் வந்து சேர்ந்தது.

மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி. எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று அதில் மிதக்கும் பந்துக்குத் தெரியும். ஆனால் பந்து பேசுவது கன்ட்ரோல் ரூம் ஸ்கிரீனுக்குப் புரியாதே! நடுவில் சேதி சொல்ல ஒரு கம்யூனிகேஷன் கார்டு மாட்டினார்கள். பச்சை விளக்கு எரிந்தால் பேச்சு நடக்கிறது. சிவப்பு எரிந்தால் நின்றுவிட்டது. நின்றாலும் ஸ்கிரீன் அசராது, கடைசியாகக் கேட்டதையே காட்டிக்கொண்டிருக்கும். தொட்டி நிறைந்ததாக ஸ்கிரீன் காட்டினால்தான் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நிற்கும்.

ஆயுத பூஜை வந்தது. சூப்பர்வைசர் நரி சிகாமணி மகா பக்திமான். மோட்டார், மேஜை, மின்விசிறி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்தது. கார்டுக்கு நெற்றி எது என்று தேடி, சிவப்பு விளக்கின் மேல் அப்பியது. வழிந்த சந்தனம் ஒயர் துவாரத்தில் இறங்க, கார்டு செத்தது. சிவப்பு விளக்கு எரிந்தது, பொட்டுக்கு அடியில். பச்சை அணைந்ததை யார் கவனித்தார்கள்? சுண்டல் வந்துவிட்டது.

தொட்டிக்குக் கீழே வளையில் முயல் பவளம், கண் திறக்காத குட்டிகளோடு. தண்ணீர் வழிந்து உள்ளே புகுந்ததும் அலறிக்கொண்டு ஓடிவந்தது.

"சிகாமணி அண்ணே! மோட்டாரை நிறுத்துங்க! குட்டிங்க முங்கிடும்!"

நரி சுண்டலை மென்றபடி ஸ்கிரீனைப் பார்த்தது. "பாதிதானேம்மா இருக்கு?"

"என்னைப் பாருங்கண்ணே, காதுவரைக்கும் நனைஞ்சிருக்கேன்!"

"நீ நனைஞ்சது ஸ்கிரீன்ல வரலியே."

 இந்தக் கடன்காரனிடம் பேசி ஆகப்போவதில்லை என்று பவளம் மோட்டார் கொட்டகைக்கு ஓடி, ஃபியூஸ் கட்டையைப் பல்லால் பிடுங்கி எறிந்தது. குட்டிகள் பிழைத்தன. வளை சேறாகிவிட்டது.

காடே பாராட்டியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுநாள் கன்ட்ரோல் ரூமிலேயே விசாரணை வைத்தார்கள், முயல் மேல்.

"ஓடுற மோட்டாரை நிறுத்தச் சொன்னது யாரு?" என்று உறுமியது சிங்கம்.

"இதைப் பாருங்க ராஜா!" என்று பவளம் தாவி, கார்டின் மேலிருந்த பொட்டைச் சுரண்டியது. விளக்கு சிவப்பாக முறைத்தது.

சிங்கம் பதறிப்போயிற்று. "அட பாவி! நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? நீ சுரண்டினதும் கெட்டுப்போச்சே!"

"தெய்வ குத்தம் ராஜா," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது நரி.

தீர்ப்பு சுருக்கமாக முடிந்தது. ஃபியூஸ் கட்டையைத் திரும்பச் செருகவேண்டியது. அழித்தவளே இனிமேல் பொட்டு வைக்கவேண்டியது. வேலையோடு மேட்டில் ஒரு குவார்ட்டர்ஸ். நடுங்கிக்கொண்டிருந்த குட்டிகளைப் பார்த்தது பவளம். சரி என்றது.

இப்போது தினமும் சந்தனம் குழைத்து, எங்கெல்லாம் சிவப்பு எரிகிறதோ அங்கெல்லாம் பார்த்துப் பார்த்து வைக்கிறது. கை சுத்தம். காட்டில் பழுது என்ற பேச்சே இல்லை.

போன வாரம் பள்ளத்து வளையிலிருந்து கீரி, சொட்டச் சொட்ட ஓடிவந்தது. "பவளம்! தொட்டி வழியுது! என் குட்டிங்க!"

பவளம் ஒரு கணம் தலை குனிந்தது. பிறகு நிமிர்ந்து ஸ்கிரீனைப் பார்த்தது.

"பாதிதானே அண்ணே இருக்கு?"

நீதி: முங்குவதென்றால் ஸ்கிரீனில் முங்கு. முடியாவிட்டால் மேட்டில் ஒரு குவார்ட்டர்ஸ் பிடி.