காத்தாடி சாரின் கிரகம்

திருவனந்தபுரம் வந்து கடலைப் பார்க்காமல் திரும்பியவர்கள் இருக்கலாம். காத்தாடி சாரின் கிரகத்தைப் பார்க்காமல் எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் ஒரு மாதம் தாண்டியதில்லை.

சார் எங்கள் ஹெட் கிளார்க். வலியசாலையில் வீடு. சாப்பாட்டு மேஜை முழுக்க தெர்மோகோலில் ஒரு வேற்றுக்கிரகம் செய்து வைத்திருந்தார். செந்நிறப் பாலைவனம், பள்ளங்கள், விண்கலம் இறங்க ஒரு தளம். ஞாயிறு மதியம் நாங்கள் நாலு பேர் கட்டைவிரல் உயர வீரர்களை அதில் நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவோம். அவரும், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

ஒருநாள் கிரகத்தில் கரண்ட் இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

"இத்தனை பேரும் அங்க எப்படிடே ஜீவிக்கது?" என்று என்னைக் கேட்டார்.

காற்றாலை வைப்பது என்று முடிவானது. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி எடுக்கின்றன என்று பஸ் ஜன்னலிலிருந்து எண்ணிக்கொண்டே போய், வள்ளியூரில் இறங்கித் திரும்பி வந்தார். குடைக்கம்பி கோபுரமானது. பிளாஸ்டிக் ஸ்கேலை அறுத்து மூன்று இறக்கைகள். மோட்டார், ஒரு பொம்மைக் காரிலிருந்து.

சுவிட்சைப் போட்டதும் இறக்கைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த கணம் ஒன்று என் டீயில் கிடந்தது.

"அங்க காத்து கொஞ்சம் கூடுதலாக்கும்" என்றார் சார்.

மெதுவாகச் சுற்றும் மோட்டார் தேடி மிக்சி ரிப்பேர் கடைகளில் அலைந்தார். மூன்றாம் நாள், "கிட்டியாச்சு" என்றார். எங்கே என்று சொல்லவில்லை.

ஞாயிறன்று காற்றாலை அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பூஜை அறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"பிள்ளையாருக்க பின்னால லைட்டுச் சக்கரம் சுத்தலியே. என்னாண்ணு பாருங்க."

"மோட்டார் கம்ப்ளெயிண்ட் ஆயிருக்கும்."

"மோட்டாரையே காணலியே."

நாங்கள் பகடையை உற்றுப் பார்த்தோம். அந்தப் பிள்ளையார் படம் அக்காவுக்கு அவர் அம்மா கொடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது. அக்கா வெளியே வந்து, சுற்றும் காற்றாலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவ்வளவு காத்து வீசுது. துணி காயப்போட ஒரு வீடு உண்டா அங்க?" என்றார். பிறகு ஐந்து நாள் சாரோடு பேசவில்லை.

சார் மோட்டாரைப் பிள்ளையாரிடமே திருப்பிக் கொடுத்தார். பழவங்காடியில் இன்னொரு படம் வாங்கி, அதன் மோட்டாரைக் காற்றாலைக்குக் கொடுத்தார். சுற்றாத சக்கரத்தோடு புதுப் பிள்ளையார் எங்கள் அலுவலகத்துக்கு வந்துசேர்ந்தார். காற்றாலைக்குப் போன அவர் மோட்டாரோ ஒருநாள் இடமாகவும் ஒருநாள் வலமாகவும் சுற்றும். காற்று திசை மாறுகிறதாம்.

அடுத்த ஞாயிறு, காற்றாலையின் அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு வீடு. வாசலில் நூல் கொடி. அதில் நகமளவு நீலச் சேலை.

"அந்த வீட்டை ஆரும் சுடப்படாது, கேட்டியளா" என்றார் சார். அன்று அக்கா எங்களுக்குப் பழம்பொரி கொடுத்தார். சாருக்கு இரண்டு கூடுதல்.

போன வருஷம் சார் ஓய்வு பெற்றார். ஊருக்குக் கிளம்புமுன் கடைசி ஆட்டம். நான் ஜெயிக்க ஒரே வழி அந்த வீட்டுத் துணிக்கொடியைச் சாய்த்துவிட்டுக் கடப்பதுதான்.

"கடைசி ஆட்டம்தானேடே, போ" என்றார் சார்.

கொடிக்கு இந்தப் பக்கமே என் வீரனை நிறுத்தித் தோற்றேன்.