சுரண்டலா, பூசலா?

இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் முதல் முறையாக என் மனைவி ஒரு முடிவை என் கையில் கொடுத்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தேகப்படக்கூடத் தெம்பில்லாத அளவுக்கு அசதி.

அசதிக்குக் காரணம் என் உத்தியோகம். லிஃப்ட் கம்பெனி ஒன்றில் புகார் வாங்கும் போன் என் மேஜைமேல் இருக்கிறது. ஊரில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் திட்டுவது என்னைத்தான். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, "பயப்படாதீங்க, கதவைத் தள்ளாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்கார்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். ஆள் பெரும்பாலும் அப்போதுதான் டீ குடிக்கக் கிளம்பியிருப்பார்.

இப்படிப்பட்டவனுக்கு வீட்டில் ஒரு மூலை வேண்டாமா? எனக்கு இருந்தது. மூலை இல்லை, முழு அறையே இருந்தது. மாடியில், பெரிய ஜன்னலோடு. அதில் என் சாய்வு நாற்காலி, என்றாவது ரிப்பேர் செய்யப்போகிற ஏழு டேபிள் ஃபேன்கள், எந்த ஃபேனுக்கும் பொருந்தாத ஸ்குரூக்கள் நிரம்பிய ஒன்பது டப்பாக்கள். ஆபீஸ் விட்டு வந்ததும் அங்கே போய்ச் சாய்ந்துகொண்டு சீலிங்கைப் பார்ப்பேன். நாள் முழுக்கக் கேள்வி கேட்கப்பட்டவனுக்கு, எதுவுமே கேட்காத ஒன்றைப் பார்ப்பதில் ஒரு சுகம்.

அந்த அறைமேல் என் மனைவிக்கும் ஒரு கண். அவள் தையல்காரி. மூன்று பெண்களுக்குக் கற்றும் கொடுக்கிறாள். மெஷின் இருப்பது சாப்பாட்டு மேஜையில். சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கு ஒரு பக்கம் கத்தரிக்கோல், மறுபக்கம் யாருடைய சட்டைக் கையோ. ஒரு தடவை வாயில் குண்டூசி வந்தது. "முழுங்கிடாதீங்க, எண்ணி வச்சிருக்கேன்" என்றாள்.

நாலு வருஷமாக அவள் மாடி அறையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாக நான், "பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நிறுத்திய மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிக்கு வந்தாள். இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"என்னங்க, இந்த சீலிங்கைப் பாத்தீங்களா?"

"தினமும் அதைத்தானே பாக்கறேன்."

"பாத்து என்ன பிரயோஜனம்? பொடியாக் கொட்டுது. உங்க தலையைப் பாருங்க."

தலையைத் தட்டினேன். வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது.

"இது பொடுகு."

"பொடுகு போன வருஷமே போயிடுச்சு. முடியும் கூடவே போயிடுச்சு. இது சீலிங்தான். இதுக்குக் கீழேயே படுத்துக் கிடந்தா இருமல் வராம என்ன பண்ணும்?"

இருமல் எனக்கு இல்லை. ஆனால் அவள் சொன்னதும் வந்தது.

அந்த சீலிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு கட்டிய புண்ணியவான் யாரோ ஆசைப்பட்டு, சுண்ணாம்புக் கூழை மேலே பீய்ச்சி அடிக்கச் சொல்லியிருக்கிறார். பாகற்காய்த் தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். டெக்ஸ்சர் என்று பெயராம். அந்தக் காலத்தில் அது பெரிய நாகரிகமாக இருந்திருக்கிறது.

"சரி, என்ன பண்ணலாங்கறே?"

"ஒண்ணு, முழுசாச் சுரண்டி எடுத்துட்டு வழவழன்னு ஆக்கணும். இல்லைன்னா, அதுமேலேயே பெயிண்ட் அடிச்சு மூடிடணும். சுரண்டறதா, பூசறதா, நீங்களே முடிவு பண்ணுங்க."

"நானா?"

"உங்க ரூம்தானே."

உங்க ரூம். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சே நிமிர்ந்துவிட்டது. நாலு வருஷப் போருக்குப் பிறகு எதிரி கையாலேயே பட்டா எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. "ஆளை வரச்சொல்லு, விசாரிக்கலாம்" என்றேன், வீட்டுத் தலைவன் குரலில். அந்தக் குரல் ரொம்ப நாளாக உபயோகத்தில் இல்லாததால் கொஞ்சம் கரகரத்தது.

அன்று மத்தியானமே பெயிண்டர் வந்தார். நிதானமான மனிதர். காது ஓரத்தில் ஒரு பென்சில், புருவத்தில் நிரந்தரமாக வெள்ளைப் பெயிண்ட். அண்ணாந்து பார்த்துவிட்டு விவரம் சொன்னார்.

"இதுமேல இதுவரைக்கும் பெயிண்டே படலைன்னா, தண்ணி தெளிச்சா ஊறிடும் சார். தகட்டை வச்சுத் தள்ளினாப் போதும், தானா வழிச்சுக்கிட்டு வந்துடும். அப்புறம் ரெண்டு தரம் பட்டி பாக்கணும், தேய்க்கணும், ப்ரைமர், பெயிண்ட். பத்து நாள் வேலை."

"பத்து நாளா?"

"ஏற்கனவே பெயிண்ட் பட்டிருந்தா தண்ணி உள்ளே இறங்காது. சுரண்டினா காரையே பேந்து வரும். அப்படின்னா சுரண்ட வேண்டாம், மேலேயே அடிச்சுடலாம். ரெண்டு நாள்ல முடிஞ்சுடும். சனிக்கிழமை வந்து, அந்த அலமாரிக்கு மேல இருக்கற மூலையில தண்ணி தெளிச்சுப் பாத்துச் சொல்றேன்."

பத்து நாள். பத்து நாளும் ஆபீசிலிருந்து வந்து சாப்பாட்டு மேஜையில், குண்டூசிகளுக்கு நடுவே உட்கார வேண்டும். நினைக்கும்போதே கழுத்து வலித்தது. என் மனைவியோ, "சுரண்டறதுதாங்க நல்லது, வேர் வரைக்கும் சரியாயிடும்" என்றாள். பெயிண்ட்தான் நல்லது என்றேன். ஏன் என்றாள். மறுபடியும் பெயிண்ட்தான் நல்லது என்றேன். "எதுக்கும் சனிக்கிழமை தண்ணி தெளிக்கட்டும், அது சொல்றபடி கேப்போம்" என்றாள். சுரண்டினாலும் பூசினாலும் வீட்டில் நடப்பது பூசல்தான்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ப் புலம்பினேன். தெருவே அவரை 'ஐடியா' என்றுதான் கூப்பிடும். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு ஐடியா இருக்கும். அதனால் வரும் அடுத்த பிரச்சினைக்கும் இருக்கும்.

"எந்த மூலைன்னு பெயிண்டரே காமிச்சுட்டாரா?" என்றார் ஐடியா.

"காமிச்சுட்டார்."

"அப்புறம் என்ன சார் யோசனை? அந்த மூலையில மட்டும் நீங்க பெயிண்ட் அடிச்சுடுங்க. தண்ணி இறங்காது. ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சுது."

அந்த நிமிஷம் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டேன். மனைவி நூலும் பட்டனும் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். வாசல் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளை எனாமலை எடுத்துக்கொண்டு, ஸ்டூல்மேல் ஏறினேன். அண்ணாந்து பெயிண்ட் அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பாதி சீலிங்குக்குப் போனது, பாதி சட்டைக் கைக்குள் போய் அக்குள் வரை இறங்கியது. ஒருவழியாக இரண்டு சாண் சதுரத்துக்கு முடித்தேன்.

இறங்கிப் பார்த்தேன். மங்கிப்போன சீலிங்கில் அந்தச் சதுரம் மட்டும் டாலடித்தது. நல்லவேளை, ஏழு ஃபேன்களின் றெக்கைகளிலும் பல வருஷத்துத் தூசி இருந்தது. எனாமல் லேசாகக் காய்ந்ததும் தூசியை வழித்து, மேலே அப்பினேன். சதுரம் அடங்கியது. இந்த ஃபேன்களால் யாருக்கு என்ன உபயோகம் என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மனைவி திரும்பி வந்தாள். படியேறும்போதே மூக்கைச் சுருக்கினாள்.

"என்ன வாசனை?"

"ஃபேன் ரிப்பேர் பண்ணினேன்."

"ஃபேனுக்குப் பெயிண்ட் வாசனை எப்படி?"

"துருப் பிடிச்சிருந்தது. அடிச்சேன்."

"எந்த ஃபேன்?"

"எல்லாம்தான்."

"காய்ஞ்சதும் காட்டுங்க" என்றாள். அன்று சாயந்திரம் அவள் கீழே தைத்துக்கொண்டிருந்தபோது, நான் மேலே உட்கார்ந்து ஏழு ஃபேன்களுக்கும் பெயிண்ட் அடித்தேன். பொய் சொல்லிவிட்டு அதை உண்மையாக்குவது போல ஒரு அலுப்பான வேலை உலகத்தில் கிடையாது.

சனிக்கிழமை பெயிண்டர் ஏணியில் ஏறி, அந்த மூலையில் தண்ணீர் தெளித்தார். தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பிறகு சொட்டுச் சொட்டாக என் வழுக்கையில் விழுந்தது. அவ்வளவு இனிமையான சொட்டு என் தலையில் அதற்குமுன் விழுந்ததில்லை.

"இந்த இடத்துல பெயிண்ட் இருக்கு சார்" என்றார்.

"அப்படியா?" என்றாள் மனைவி. "நாம இந்த வீட்டுக்கு வந்து பதினாலு வருஷம். அடிச்சதா ஞாபகம் இல்லையே."

"முன்னாடி இருந்தவங்க அடிச்சிருப்பாங்க" என்றேன்.

பெயிண்டர் விரலால் அந்த இடத்தைத் தேய்த்தார். விரல் கறுப்பானது, சீலிங் பளபளத்தது. விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். வேறு இடத்திலும் தெளிக்கச் சொல்லிவிடுவாளோ என்று நான் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அவள் சொல்லவில்லை. "சரி, அப்ப பெயிண்ட்தான். நீங்க சொன்னதுதான் சரி" என்றாள் என்னிடம்.

நீங்க சொன்னதுதான் சரி. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த வாக்கியம். தேதியைக் காலண்டரில் குறித்து வைத்தேன்.

"திங்கக்கிழமை ஆரம்பிச்சுடலாம்" என்றார் பெயிண்டர். "ஆனா ரூம் சுத்தமாக் காலியா இருக்கணும். பெயிண்ட் தெறிக்கும்."

"ரெண்டே நாள்தானே" என்றேன், உற்சாகமாக.

"எல்லாத்தையும் எப்படிங்க நீங்க தனியா இறக்குவீங்க?" என்றாள் மனைவி, கவலையோடு.

ஜெயித்தவனுக்கு இடுப்பு வலி ஒரு பொருட்டா? ஞாயிற்றுக்கிழமை முழுக்க இறக்கினேன். பதினேழு படி. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, லிஃப்ட்காரன் வீட்டில் லிஃப்ட் இல்லையே என்று முதல் முறையாக வருத்தப்பட்டேன். ஃபேன்களும் டப்பாக்களும் ஐடியா வீட்டு ஷெட்டுக்குப் போயின. அலமாரியை இறக்க அவரும் கை கொடுத்தார். சாய்வு நாற்காலியை மாடிப்படிக்குக் கீழே, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மனைவி நடுநடுவே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "மெதுவாங்க, மெதுவா" என்றாள். கடைசியில் தானே அறையைப் பெருக்கித் துடைத்தாள். பெயிண்ட் அடிக்கப்போகிற அறையை எதற்குத் துடைக்கிறாள் என்று கேட்க நினைத்தேன். வாயைத் திறக்கத் தெம்பில்லை.

திங்கட்கிழமை ஆபீசில் எட்டு லிஃப்ட் நின்றது. ஒன்பதாவது மாடியில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்மணி, முக்கால் மணி நேரம் என்னிடம் தன் மருமகளைப் பற்றிப் பேசினார். அதையும் கேட்டேன். இன்னும் ஒரே நாள், நாளை மறுநாள் என் நாற்காலி மேலே போய்விடும் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். பெயிண்ட் வாசனையே இல்லை. சாப்பாட்டு மேஜை காலியாக இருந்தது. நாலு வருஷத்தில் அதன் மரத்தை அன்றுதான் பார்க்கிறேன். மாடியிலிருந்து கடகடவென்று சத்தம்.

ஏறினேன். என் ஜன்னலோரம் இரண்டு தையல் மெஷின்கள், ஒன்று புத்தம்புதுசு. நடுவில் துணி வெட்டும் பெரிய மேஜை. சுவரில் ஆளுயரக் கண்ணாடி. மூன்று பெண்கள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே சீலிங் அதே பாகற்காயாக, என் சதுரத்தோடு அப்படியே இருந்தது.

"பெயிண்டர் வரலையா?"

"வரலைங்க. வேண்டாம்னுட்டேன்."

"எப்போ?"

"முந்தாநேத்தே. தண்ணி தெளிச்சுட்டு இறங்கி வந்தாரில்ல, அப்பவே வாசல்ல வச்சுச் சொல்லிட்டேன்."

"நான் நேத்து பூரா இறக்கினேனே."

"தண்ணி கொடுத்தேனே."

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பெரிய அவமானம். கூடவே, ரொம்ப நாளாகப் பார்க்காத ஒரு சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்ததால், கோபப்படவும் முடியவில்லை.

"அந்த மூலையில நீங்க அடிச்சது தெரியாதா எனக்கு?" என்றாள், அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. "இன்னொரு இடத்துல தெளிக்கச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? நாலு வருஷமா ரூமைக் கேட்டேன், அசையலை. சீலிங்கைக் கேட்டேன், ஒரே நாள்ல காலி பண்ணிக் கொடுத்துட்டீங்க. சுரண்டினா என்ன, பூசினா என்ன, ரெண்டுக்கும் ரூம் காலியாகணுமில்ல."

யோசித்துப் பார்த்தேன். இரண்டுமே வேண்டாம், சீலிங் இப்படியே இருக்கட்டும் என்று மூன்றாவதாக ஒரு பதில் இருந்திருக்கிறது. அதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. கோட்டை விட்டது அங்கேதான்.

"அப்போ இந்த சீலிங்கை என்ன பண்றது?" என்றேன்.

"குனிஞ்சு தைக்கறவங்களுக்கு சீலிங் எப்படியிருந்தா என்னங்க? யாரு அண்ணாந்து பாக்கப்போறா?"

நான் அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் ஊசியில் நூலைக் கோக்க முயன்று, முடியாமல் நிமிர்ந்தாள்.

"அக்கா, அந்த சாரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. வெளிச்சத்தை மறைக்கறார்."