மாட்டுக்கு லீவு கேட்ட செமினார்

வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் ஏதோ ஆழமாக யோசிக்கிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அந்த ரகம்தான். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை.

மதுரையில் எம்.ஏ. சமூகவியல் படித்தபோது செமினார் என்று ஒரு பாடம் வந்தது. நடத்திய வசந்தா மேடம் முதல் நாளே விதிகளைச் சொல்லிவிட்டார். பரீட்சை கிடையாது. வாரம் ஒருவர் கட்டுரை வாசிக்க, மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். கேள்விக்குத் தனி மதிப்பெண். அதில் தேறாதவர், கட்டுரையை எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் பாடத்தில் தேற முடியாது. கட்டுரைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி கணக்கில் வராது.

வீட்டில் சௌராஷ்டிர மொழியில் ஓயாமல் பேசுகிற நான் (அம்மாவே கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொல்வாள்), பருவம் முடியப்போகும் வரை அங்கே மூச்சுவிடவில்லை. அடுத்த வகுப்பிலும் பேசாவிட்டால் இந்தப் பாடத்தை ஜூனியர்களோடு திரும்பப் படிக்க வேண்டியிருக்கும் என்றார் மேடம். குரலை உயர்த்தாமல் சொன்னதால் கூடுதலாகப் பயந்தேன்.

அந்த வாரம் கார்த்திக்கின் முறை. கப்பலூர் தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள் பற்றிய கட்டுரை. ஒரு கேள்வியைத் தயாரித்து, பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

வகுப்பில் உட்கார்ந்ததும் காது அடைத்துக்கொண்டது. யாரோ எழுந்தார்கள், ஏதோ வாசித்தார்கள். கார்த்திக்கின் குரல் பெண் குரலாக இருக்கிறதே என்றுகூட உறைக்கவில்லை. வாசிப்பு நின்றதும் கையைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கேட்டேன்.

"இவங்களுக்கு வாரத்துல ஒரு நாளாவது லீவு உண்டா? குறைகளைச் சொல்ல சங்கம் இருக்கா?"

கண்ணைத் திறந்தேன். தொண்டை கட்டிப்போன கார்த்திக், கழுத்தில் மப்ளரோடு எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பதிலாகத் தன்னுடைய ஜல்லிக்கட்டுக் கட்டுரையை வாசித்தவள் அவனியாபுரத்துச் செல்வி. திரையில் அவள் அப்பா வளர்க்கும் ஜல்லிக்கட்டுக் காளை என்னையே முறைத்தது.

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. மேடம் சிரிக்கவில்லை. பேனாவைக் கையில் எடுத்து, "யாருக்கு லீவு?" என்றார்.

ஓடிவிடலாம் என்றால் கதவு அவர் பக்கம் இருந்தது. "மாட்டுக்குத்தான் மேடம்" என்றேன்.

கேள்விக்குச் சம்பந்தம் உண்டா என்பதை வாசித்தவரே சொல்லட்டும் என்று அவர் செல்வியிடம் திரும்பினார். நானும் அவளும் அதுவரை பேசிக்கொண்டதே இல்லை. (என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருந்தாளாம்.) என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இருக்கு மேடம்," என்றாள். "காளைக்கு வருசம் பூரா தீனி, நீச்சல், நடை. லீவு கிடையாது. அதப் பாத்துக்கிற எங்கம்மாவுக்கும் கிடையாது. காளைக்காவது பேரு வருது. அம்மாவப் பத்தி ஒரு வரிகூட எழுதாம விட்டுட்டேன்."

அதன் பிறகு வீட்டு வேலையைப் பற்றி ஆளாளுக்குப் பேசினார்கள், மணி அடித்தும் யாரும் எழவில்லை. மேடம் என் பெயருக்கு எதிரே ஏதோ குறித்தார். மயிரிழையில் தேறினேன். செல்வி அம்மாவைச் சேர்த்துக் கட்டுரையைத் திருத்தி எழுதினாள்.

அன்று வகுப்பிலிருந்து வெளியே வந்ததும், "நெசமாவே மாட்டுக்குத்தான் கேட்டியா?" என்றாள். இல்லை என்றேன். "முழிச்ச முழியிலயே தெரிஞ்சுச்சு. வா, டீ குடிப்போம்."

இன்றும் பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போனால், அவள் அப்பா என்னைத் தொழுவத்துப் பக்கமே விடுவதில்லை. நான் வந்துபோனால் காளை வேலை செய்ய மறுக்கிறதாம். அவள் அம்மாதான் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார்.

"அந்தச் சங்கத்துல மொதல்ல எம்பேர எழுது தாயி."