கதவில்லாத கண்ணாடிப் பெட்டி

சுழற்கிண்ணம் வென்றவருக்குச் சொந்தமாவதில்லை. ஒரு வருடம் அது அவருடைய பொறுப்பில் இருக்கும். அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு முன் நல்ல நிலையில் திருப்பி ஒப்படைக்கப்படல் வேண்டும். இந்த விதியை யாரும் என்னிடம் மறைக்கவில்லை. பாடசாலை தந்த உறுதிமொழியில் பெற்றோர் என்ற இடத்தில் கையொப்பமிட்டவன் நான்தான். (அதிலிருந்த எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்தேன்.)

யுத்த காலம். நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். மகள் மைதிலி கொட்டாஞ்சேனையில் படித்தாள். பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்து, மூடியும் இரண்டு கைப்பிடியும் உள்ள ஒரு வெள்ளிநிறக் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். ரீவிக்கு மேல் வைக்கலாம் என்றாள் மனைவி. அரசாங்கத் திணைக்களத்தில் விதிக்கோவை முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்த எனக்கு, அது உரிய இடமாகத் தெரியவில்லை. நானே ஒரு கண்ணாடிப் பெட்டி செய்யத் தீர்மானித்தேன்.

"ஆடுற கதிரைக்கு ஒரு ஆணி அடியுங்கோ எண்டு எத்தினை மாசமாக் கேக்கிறன்? இப்ப பெட்டி செய்யப் போறாராம்," என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல் கிண்ணத்தைப் பார்த்து.

பலகை அறுத்தேன். நாலு பக்கமும் நாலு நீளத்தில் வந்தன. கதவு செய்தேன். பிணைச்சல் பூட்டினால் கீழே இடித்தது. கீழே சீவினால் மேலே வானம் தெரிந்தது. கடைசியில் ஒரு நிருவாக முடிவு எடுத்தேன்: கதவு என்பது தூசு உள்ளே வருவதற்கான வழி, ஆகவே கதவு தேவையில்லை. கிண்ணத்தை உள்ளே வைத்து, முன்பக்கம் கண்ணாடியைப் பொருத்தி, சுற்றிவரச் சட்டம் வைத்துப் பசை பூசி, போதாதென்று ஆணியும் அடித்தேன்.

அடுத்த வருடமும் மைதிலியே வென்றாள். அதே கிண்ணத்தைப் பிரதம விருந்தினர் கையால் மேடையில் மறுபடி வாங்க வேண்டும். அதற்கு முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாடசாலை நினைவூட்டியது. (கடைசி நாளுக்கு முன் எதையும் கையளிப்பதில்லை என்பது என் உத்தியோக ஒழுக்கம்.) விழா அன்று காலையில்தான் மூன்று பேரும் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம்.

"உடைப்பமோ, அப்பா?"

"கிண்ணத்தில கீறல் விழும் பிள்ளை. பெட்டியோடயே கொண்டுபோவம். அங்க ஆரும் கழட்டுவினம்."

(உண்மையில், என் வேலையை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.)

ஓட்டோவில் போனோம். கோட்டைப் பக்கச் சோதனைச்சாவடியில் இறக்கினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் பெட்டியைத் தட்டிப் பார்த்துத் திறக்கச் சொன்னான். பேச்சு முழுக்கச் சிங்களத்தில்.

"திறக்காது," என்றேன்.

"அப்போ கிண்ணம் எப்படி உள்ளே போனது?"

"முதலில் கிண்ணத்தை வைத்து, பிறகு..." அந்த வாக்கியத்தை எந்த மொழியிலும் மரியாதையாக முடிக்க முடியாது.

மூடிக்குள் என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். காட்டச் சொன்னான். அதிகாரி வந்தார். பெட்டியின் கோணல் மூலைகளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"யார் செய்தது?"

"ஒரு பாஸ்," என்றேன். (கொழும்பில் தச்சரை அப்படித்தான் சொல்வோம்.)

சிரிப்பு நின்றது. எந்த பாஸ்? பெயர் என்ன? எங்கே இருக்கிறான்? ஏன் திறக்க முடியாதபடி செய்தான்? என் மானத்தைக் காப்பாற்றப் போய், திறக்காத பெட்டிகள் செய்யும் பெயரில்லாத ஓர் ஆளை, அந்தக் காலத்துக் கொழும்பில், ஒரு சோதனைச்சாவடியில் வைத்துப் பிறப்பித்துவிட்டேன். அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்.

மைதிலி முன்னால் வந்தாள். "பாஸ் இல்லை, சேர். அப்பாதான் செய்தவர். சொல்ல அவருக்கு வெட்கம். ஒரு பாஸ் இப்படிச் செய்வானா என்று நீங்களே பாருங்கள்."

அதிகாரி பார்த்தார். நான் நிரபராதி என்பதற்கு அதைவிட வலுவான சாட்சி இருந்திருக்காது. அடையாள அட்டை திரும்பி வந்தது. பெட்டி வரவில்லை, சோதித்த பிறகு பின்னேரம் வந்து எடுக்கலாம் என்றார்.

வெறுங்கையோடு நாங்கள் மண்டபத்துக்குள் போக, அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். ஓடிப்போய் மேடையேறினாள். பிரதம விருந்தினர் கிண்ணத்தைத் தேடினார். பதறிப்போன ரீச்சர், மேசையிலிருந்த பித்தளைப் பூச்சாடியிலிருந்து பூக்களை உருவி எடுத்துவிட்டுச் சாடியை அவர் கையில் கொடுத்தார். அவர் அதை மைதிலியிடம் சரித்துக் கொடுக்க, உள்ளேயிருந்த தண்ணீர் அவளுடைய வெள்ளைச் சட்டையில் ஊற்றியது. மண்டபமே சிரித்தது. படப்பிடிப்பாளர் சரியாக அந்தச் செக்கனில் படமெடுத்தார். அவள் அழவில்லை. கண்ணால் என்னைத் தேடினாள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பின்னேரம் கிண்ணத்தை ஒரு கீறலும் இல்லாமல் தந்தார்கள். பெட்டியை ஒரு சீமெந்துப் பையில் போட்டுத் தந்தார்கள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், "அடுத்தமுறை கதவு வைச்சுச் செய்து தரட்டோ?" என்று கேட்டேன். அவள் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் படம் இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. யார் வந்தாலும் தேத்தண்ணியோடு மனைவி அந்தக் கதையையும் பரிமாறுவாள். மைதிலி இப்போது ரொறன்ரோவில் இருக்கிறாள். போன வருடம் தன் மகன் நீச்சலில் கிண்ணம் வென்ற செய்தியைச் சொல்லத் தொலைபேசி எடுத்தாள். நான் சந்தோஷம் என்று தொடங்குவதற்குள், "வேண்டாம், அப்பா," என்றாள்.

"நான் ஒண்டும் கேக்கேல்லையே."

"கேட்டனீங்கள். பஸ்ஸில."

பதில் கிடைத்த நாள், பாவபுண்ணியக் கணக்குப் பார்க்கப்படும் சித்திரா பௌர்ணமி.